ஜாஸ்மின் பூட்டவிடாத அறை

ஜாஸ்மினுக்குக் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி துப்பட்டா முனையில் துடைப்பாள். துடைத்து முடித்துத் திரும்பப் போட்டுக்கொண்டாள் என்றால், அப்புறம் அவளை அந்த இடத்தைவிட்டு நகர்த்த ஆளில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் இது எல்லோருக்கும் தெரியும். நிர்வாக அதிகாரி பலராமன் சாருக்கு ரொம்பவே தெரியும். அவள் கண்ணாடியில் கை வைத்ததுமே, "இப்ப இன்னாமா சொல்லிட்டேன்?" என்று கொஞ்சம் இறங்கி வருவார்.

ஒரகடம் ரோட்டில் இருக்கும் தனியார் ஆஸ்பத்திரி எங்களுடையது. சுற்றிலும் கம்பெனிகள். விரல் நசுங்கி வருகிறவர்கள், ஓவர்டைம் பார்த்துவிட்டு பைக்கில் தூங்கி விழுந்து வருகிறவர்கள், பிரசவத்துக்கு வருகிறவர்கள் என்று எந்நேரமும் கூட்டம். நான் அங்கே துப்புரவு வேலை பார்க்கிறேன். ஜாஸ்மின் லைப்ரரியன். ஆஸ்பத்திரியில் லைப்ரரி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் முதலில் கேட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். பெருமாள் துணையிருக்கட்டும்.

ஜாஸ்மினின் ஊர் செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கீழ்ப்பக்கம். அப்பா தாவீது லாரி ஓட்டியவர். ஏரியைத் திறந்துவிட்ட அந்த வெள்ள வருஷத்தில் அவர்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். வெள்ளம் வடிந்ததும் மற்றவர்கள் அரிசியையும் துணியையும் காயப்போட்டார்கள். ஜாஸ்மின் தன் பாடப்புத்தகங்களைச் சர்ச் காம்பவுண்டு சுவரில் வரிசையாக விரித்துப்போட்டு, பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாளாம். "உப்புக்கண்டம் காயப்போடுறியாடி?" என்று தெருவே சிரித்ததாம். காய்ந்த பிறகு அந்தப் புத்தகங்கள் வயிறு உப்பிப்போய், மூடினாலும் மூடாமல் நின்றன. அதில் ஒன்றை இன்றும் லைப்ரரி மேஜையில் வைத்திருக்கிறாள். யாராவது ஈரக்கையோடு புத்தகத்தைத் தொட வந்தால், பேசாமல் அதை எடுத்துக் காட்டுவாள்.

அப்புறம் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனி லைனில் நின்றாள். காருக்கு ஒயர் பின்னுகிற வேலை. காண்டிராக்ட் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். லைனில் நின்ற காலத்திலேயே தபாலில் லைப்ரரி படிப்பு படித்து முடித்திருந்தாள். அந்த நேரத்தில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு லைப்ரரியன் அவசரமாகத் தேவைப்பட்டார்.

அவசரத்துக்குக் காரணம் தரச்சான்றிதழ். ஆஸ்பத்திரி ஒழுங்காக நடக்கிறதா என்று வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து பார்ப்பார்கள். ஊசிக்குப்பை எந்தப் பையில் போகிறது, தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடுவது என்று எல்லாவற்றுக்கும் அவர்களிடம் விதி உண்டு. வைத்தியம் பார்க்கிறவர்களுக்குப் புதுப் புத்தகங்களும், சந்தேகம் வந்தால் தேடிப் பார்க்க வசதியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும் என்பதும் அதில் ஒரு விதி. அதற்காக மூன்றாவது மாடியில், பிசியோதெரபிக்கு எதிரில், ஜன்னல் வைத்த ஒரு நல்ல அறையை ஒதுக்கினார்கள். அலமாரி, கம்ப்யூட்டர், புத்தகம் எல்லாம் வந்தன. ஜாஸ்மினும் வந்தாள். வந்தவர்கள் பார்த்தார்கள், சான்றிதழ் கிடைத்தது. கண்ணாடி போட்டு ரிசப்ஷனில் மாட்டினார்கள். அதோடு லைப்ரரியின் வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஜாஸ்மின் நினைக்கவில்லை.

அவளை இன்சூரன்ஸ் டேபிளுக்குப் போகச் சொன்னார்கள். போனாள். ஆனால் காலையில் வந்ததும் முதலில் லைப்ரரியைத் திறந்து, விளக்கைப் போட்டு, ஃபேனைச் சுற்றவிட்டுத்தான் கீழே இறங்குவாள். முதலில் நர்சுகள் வந்தார்கள். ஒரு மருந்தை எவ்வளவு கலக்குவது என்று சந்தேகம் வந்தால் டாக்டருக்கு போன் போட்டுத் திட்டு வாங்குவதற்குப் பதில் அங்கே வந்து பார்த்தார்கள். அப்புறம் சின்ன டாக்டர்கள் வந்தார்கள். அதற்கப்புறம், கதவு திறந்திருந்ததால், நோயாளிகளோடு வந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

அப்படி எட்டிப் பார்த்தவள்தான் சந்தனமாரி. தென்காசிப் பக்கத்துப் பெண். அவள் புருஷன் இசக்கிபாண்டியின் கை கம்பெனியில் பிரஸ் மிஷினில் மாட்டி, ஆபரேஷன் ஆகியிருந்தது. அவன் கையை ஒரு துண்டால் மூடி, அசையவே விடாமல் காவல் காத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, டாக்டரு படபடன்னு சொல்லிட்டுப் போயிட்டாவ. எனக்கு ஒண்ணும் வெளங்கல. கை இனி மடங்குமா மடங்காதா?" என்று வாசலில் நின்று கேட்டாள்.

ஜாஸ்மின் வைத்தியம் சொல்லமாட்டாள். அதில் ரொம்பக் கண்டிப்பு. கை எப்படி இருக்கிறது என்று படம் போட்ட புத்தகத்தைத் திறந்து மேஜையில் வைத்தாள். எதிரில் இருந்த பிசியோதெரபிக்காரரைக் கையோடு கூட்டிவந்து, "சார், இந்தப் படத்த வெச்சி இவங்களுக்கு நிதானமா சொல்லுங்க" என்றாள். அவர் சொல்லச் சொல்ல, சந்தனமாரி படத்தின் மேல் விரலை வைத்தபடியே கேட்டாள். கடைசியில், "அப்ப நான் துண்டப் போட்டு மூடினது தப்பா? தெனம் அசைக்கணுமா? அய்யோ, அசைச்சா தையல் அந்துரும்னுல்லா நெனச்சேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து தமிழில் இருந்த கைப்பயிற்சிப் புத்தகம் அவள் மடியிலேயே இருந்தது. புருஷனை அவள் மிரட்டிப் பயிற்சி செய்யவைக்கும் சத்தம் வார்டு முழுக்கக் கேட்கும்.

இது பலராமன் சார் காதுக்குப் போனது. பலராமன் சார் கெட்டவர் இல்லை. இந்த ஊர்க்காரர். ஆஸ்பத்திரி கட்டிய இடத்தில் அவர்கள் வீட்டு நிலமும் சேர்ந்திருந்தது. அதனால் கட்டிடத்தின் ஒவ்வொரு மூலையும் காசு பண்ணவேண்டும் என்று அவருக்கு ஒரு கணக்கு.

"லைப்ரரி டாக்டருக்கும் நர்சுக்கும்மா. நோயாளி கூட வர்ற அட்டெண்டருக்கு எல்லாம் இல்ல. அவங்களுக்கு கேண்டீன் கீது."

"கேண்டீன்ல இட்லி கீது சார். கை ஏன் மடங்கலன்னு அங்க சொல்லமாட்டாங்க."

"இப்பல்லாம் எல்லாம் போன்லயே வந்துடுது. எவன் புஸ்தகம் பாக்கறான்?"

"போன்ல ஆயிரம் வருது சார். எது நெசம்னு எடுத்துக் குடுக்க ஒரு ஆளு வேணும்ல? அதுக்குத்தான் நான் படிச்சிக்கினு வந்தேன்."

எங்கள் ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த உடையவர், ரகசியமாகக் கேட்ட மந்திரத்தைக் கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொன்னார் என்று கோயிலில் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அதை ஜாஸ்மினிடம் சொன்னேன்.

"அப்ப அவருக்கும் மெமோ குடுத்திருப்பாங்களே கனகம்க்கா?" என்றாள்.

முதல் மெமோ அவளுக்கு அந்த வாரமே வந்தது.

சான்றிதழைப் புதுப்பிக்கும் காலம் நெருங்கியது. அதே நேரத்தில் கம்பெனி மேனேஜர்கள் கும்பலாக வந்து உடம்பைப் பரிசோதித்துக்கொள்கிற திட்டம் ஒன்றும் வந்தது. அவர்கள் உட்கார நல்ல அறை வேண்டும். ஜன்னல் வைத்த அறை எது? மூன்றாவது மாடி லைப்ரரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜாஸ்மின் சர்ச்சுக்குப் போயிருந்தபோது அறையைக் காலி செய்து, புது சோபா இறக்கி, காபி மிஷின் வைத்து, புதுப் பூட்டும் போட்டுவிட்டார்கள். புத்தகங்கள் துணி வைக்கும் அறையில் பழைய மெத்தைகளுக்கு நடுவில் கிடந்தன.

திங்கட்கிழமை காலையில் ஜாஸ்மின் அந்தப் பூட்டுக்கு முன்னால் நின்றதை நான் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றினாள். துடைத்தாள். போட்டுக்கொண்டாள். நேராக ஒர்க்ஷாப்புக்குப் போய், ஆஸ்பத்திரித் தச்சர் கொம்பையாவிடம், "அண்ணே, ஒடஞ்ச டிராலி எதனா கீதா?" என்று கேட்டாள்.

சக்கரம் ஒன்று இழுக்கிற பழைய டிராலி இருந்தது. கொம்பையா அதற்கு மூன்று பக்கமும் சட்டம் அடித்துக் கொடுத்தார். அதில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு அவள் வார்டு வார்டாகப் போக ஆரம்பித்தாள். இன்சூரன்ஸ் வேலைக்கு நடுவில், சாப்பாட்டு நேரத்தில், வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் முன்னால். சக்கரம் கீச் கீச் என்று கத்தும். எண்ணெய் போடுகிறேன் என்று கொம்பையா சொன்னதற்கு, "வேணாம்ணே, கத்தட்டும். லைப்ரரி வருதுன்னு தெரியணும்" என்றாள். மதியத்தில் மூன்றாவது மாடி வராந்தாவில், பழைய அறைக்கு நேர் எதிரில், டிராலியை நிறுத்திவிட்டுப் பக்கத்திலேயே நின்றுகொள்வாள். உள்ளே சோபாவில் மேனேஜர்கள் காபி குடிப்பார்கள். வெளியே நர்சுகள் நின்றபடி படிப்பார்கள்.

"இது இன்னாமா தள்ளுவண்டி? சுண்டல் விக்கிறியா?" என்றார் பலராமன் சார்.

"அறைய எடுத்துக்கினா லைப்ரரி போயிடும்னு நெனச்சீங்க சார். அதான் நடந்து வருது."

சான்றிதழ்க்காரர்கள் வரும் நாளுக்குக் கீழே டிரெயினிங் ஹாலில் ஒரு லைப்ரரி தயாரானது. தண்டலம் பக்கத்தில் எங்கள் நிர்வாகத்துக்கே சொந்தமான நர்சிங் காலேஜிலிருந்து டெம்போவில் புத்தகங்கள் வந்து இறங்கின. கண்ணாடி அலமாரி, பிளாஸ்டிக் பூ, பெரிய போர்டு எல்லாம் வைத்தார்கள். பலராமன் சார் ஜாஸ்மினைக் கூப்பிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து அங்கே நிற்கச் சொன்னார்.

படி மாதிரி அடுக்கிவைத்திருந்த புத்தகங்களை அவள் பார்த்தாள். "லைப்ரரியா சார் இது, கொலுவா? நான் இன்னா பொம்ம?"

"ஒரு நாளும்மா. ஒரே நாள். அவங்க வந்து போனதும் உன்ன யாரும் கேக்கப்போறதில்ல."

"அதான் சார் பிரச்சினையே. போன தடவயும் அப்டித்தான். ரூலு போட்டவங்க ஒரு நாளுக்குப் போடல. தெனமும் ஒரு நர்சு சந்தேகத்தோட வருதே, அதுக்குப் போட்டாங்க."

"நிக்க மாட்டியா?"

"மாட்டேன் சார்."

"அப்ப டிராலிய ஒளிச்சி வை. அன்னிக்கி அது என் கண்ணுல படக்கூடாது. பட்டுச்சுன்னா, வேலைய மறந்துடு."

அதைச் சொன்னபோது நானும் லீலாவும் ஹாலில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தோம். லீலா என்னோடு வேலை பார்க்கிறவள். வாயை மூடத் தெரியாதவள். அன்று அவள் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். ஜாஸ்மின் சம்பளத்தில்தான் அவள் வீடு ஓடுகிறது என்பது எங்களுக்குத் தெரியும். தாவீதுக்குக் கண் மங்கி, லாரியை விட்டுப் பல காலம் ஆகிறது.

"ஒரு நாள் நின்னுட்டுத்தான் போயேன்டி ஜாஸ்மினு. பொம்மன்னா இன்னா, நாங்கல்லாம் தெனமும் நிக்கல?" என்றாள் லீலா, அவர் போன பிறகு.

"நின்னா அறை திரும்ப வருமாக்கா?"

லீலா வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த பக்கம் துடைக்கப் போனாள்.

எங்களுக்கும் அந்த நாட்களில் பாடம் நடந்தது. தீப்பிடித்தால் என்ன செய்வாய், மஞ்சள் பையில் என்ன போடுவாய், லைப்ரரி எங்கே இருக்கிறது என்று கேள்வியும் பதிலும் அச்சடித்துக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். நாங்கள் அதைத் திருப்பாவை மாதிரிப் பாடம் பண்ணினோம். லீலா வாளியைத் தூக்கும்போதும் சொல்வாள், சோறு சாப்பிடும்போதும் சொல்வாள். "எங்க ஊட்டுக்காரரு பேரு கேட்டாக்கூட மஞ்சப் பைன்னு சொல்லிடுவேன் போல கனகம்" என்பாள்.

அந்த நாள் வந்தது. வந்தவர்களில் ஒரு டாக்டரம்மா, கோயம்புத்தூர்க்காரர், நரைத்த கொண்டை, காலில் கேன்வாஸ் ஷூ. இரண்டாவது மாடியில் நானும் லீலாவும் நின்ற இடத்துக்கு வந்தார். பின்னாலேயே பலராமன் சார் டை கட்டிக்கொண்டு, வியர்க்க வியர்க்க வந்தார். டாக்டரம்மா மஞ்சள் பையைக் கேட்டார். லீலா சொன்னாள். தீயைக் கேட்டார். சொன்னாள்.

"இங்க லைப்ரரி எங்கீங்க இருக்குது?"

லீலா கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் ஒப்பித்தாள். "மூணாவது மாடி, பிசியோதெரபிக்கு எதிர் அறை, எல்லா ஊழியர்களுக்கும் எப்பவும் திறந்திருக்கும்!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முதல் தடவைக்கு அச்சடித்த தாளையே எங்களுக்குத் திரும்பக் கொடுத்திருக்கிறார்கள். இடம் மாறியது, தாளில் மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. மனப்பாடம் செய்த எங்களுக்கும் தோன்றவில்லை. நாங்கள் எதை யோசித்துச் சொன்னோம்? பலராமன் சார் முகம் சுண்டியது. லீலா கண்ணைத் திறந்து, "சரியா சொன்னேனா சார்?" என்று அவரையே கேட்டாள்.

"மேடம், லைப்ரரி கீழ ஹால்ல..." என்று அவர் ஆரம்பித்தார்.

"இருக்கட்டுங்க. இந்தம்மா இத்தன தெளிவாச் சொல்றாங்க. அதையே பாத்துட்டு வந்துரலாம் வாங்க" என்று டாக்டரம்மா லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறினார். நான் துடைப்பத்தோடு பின்னாலேயே போனேன். வாய் நாராயணா நாராயணா என்றது.

மூன்றாவது மாடியில் பூட்டிய அறை. ஜன்னல் கண்ணாடி வழியாக சோபா தெரிந்தது. அதற்கு எதிரில், ஒளித்துவைக்கச் சொன்ன டிராலி, வராந்தா நடுவில், வெயில் விழும் இடத்தில் நின்றது. ஒரு நர்சு புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். கைப் பரிசோதனைக்கு வந்த சந்தனமாரி நாற்காலியில் உட்கார்ந்து, புருஷனிடம், "மடக்கு. இன்னும் மடக்கு. படத்துல இருக்கவன் மடக்குதாம்லா?" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். ஜாஸ்மின் டிராலியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். நல்ல புடவை கட்டியிருந்தாள்.

"லைப்ரரி இதுங்களா?" என்றார் டாக்டரம்மா.

"டெம்பரரி மேடம். அறைய கொஞ்சம் மராமத்து... ஜாஸ்மின், நீயே சொல்லும்மா. கீழதான் மாத்திருக்கோம்னு மேடம்கிட்ட சொல்லு." பலராமன் சார் குரல் கெஞ்சியது. கண் கெஞ்சவில்லை.

ஜாஸ்மின் கண்ணாடியைக் கழற்றினாள். துடைத்து, போட்டுக்கொண்டு சொன்னாள்.

"இல்ல மேடம். இந்தப் பூட்டின அறைதான் லைப்ரரி. சான்றிதழ் வந்ததும் எங்கள மறந்துட்டாங்க, இப்ப அறையையும் எடுத்துக்கினாங்க. கீழ அடுக்கி வெச்சிருக்கிறது காலேஜ் புஸ்தகம். நாளிக்கி டெம்போ ஏறிப் போயிடும். இந்த டிராலி போகாது. யாரு வேணா கேட்டுப் பாருங்க."

"அக்கா சொல்லுதது நெசம்" என்றாள் சந்தனமாரி, யாரும் கேட்காமலே.

டாக்டரம்மா டிராலியில் இருந்த புத்தகங்களைப் புரட்டினார். ஓரம் மடங்கி, அட்டை கிழிந்து, பிளாஸ்திரி ஒட்டியிருந்த புத்தகங்கள். கீழே போய்க் கண்ணாடி அலமாரியையும் பார்த்தார். எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் ஜாஸ்மினுக்கு அடுத்த மெமோ. மன்னிப்புக் கடிதம் எழுதினால் விட்டுவிடுகிறேன் என்றார் பலராமன் சார். "உண்மையச் சொன்னதுக்கு ஏசப்பாகிட்ட மன்னிப்பு கேட்டா அவரே சிரிப்பாரு சார். உங்ககிட்ட எப்டி கேக்கறது?" என்று சொல்லிவிட்டு இன்சூரன்ஸ் டேபிளுக்குப் போய்விட்டாள். அவளை அனுப்பிவிட்டிருப்பார். அதற்குள் ரிப்போர்ட் வந்தது. லைப்ரரியை அதற்குரிய இடத்தில் திரும்ப நடத்தி, நடப்பதைக் காட்ட வேண்டும், லைப்ரரியன் அங்கே இருக்கவேண்டும், அதற்குப் பிறகுதான் சான்றிதழ் என்று இருந்தது.

சோபா வெளியே போனது. பலராமன் சார் புதுப் பூட்டின் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே மூன்றாவது மாடிக்கு வந்தார்.

"அறைய எடுத்துக்க. ஆனா சாவி என்கிட்ட. நான் சொல்ற நேரம் தொறக்கணும், நான் சொல்றவங்க வரணும். சான்றிதழ் கைக்கு வரட்டும், அப்புறம் உன் கதையப் பேசிக்கலாம்."

அவள் அவரைப் பார்த்தாள். "தெரியும் சார். சான்றிதழ் வந்ததும் என்னிய அனுப்பிடுவீங்க. அறைய மறுபடி பூட்டுவீங்க. என்னிய அனுப்புங்க, அது உங்க இஷ்டம். பூட்டறது நடக்காது."

"நடக்காம? இன்னா செய்வ?"

"கொம்பையாண்ணே!" என்று கூப்பிட்டாள்.

கொம்பையா ஸ்க்ரூ டிரைவரோடு பிசியோதெரபிக்குள் தயாராக உட்கார்ந்திருந்தார். வந்தார். பலராமன் சார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீல்களைக் கழற்றினார். கதவு பூட்டோடு கையில் வந்தது. நானும் லீலாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். பிசியோதெரபிக்குப் புருஷனோடு வந்திருந்த சந்தனமாரி ஓடிவந்து நடுவில் தாங்கினாள். பழைய கட்டில் சட்டங்கள் இரண்டின் மேல் அதைப் படுக்கப்போட்டோம்.

"யோவ் கொம்பையா! இன்னாய்யா இது? ஆஸ்பத்திரிக் கதவு!"

"வெளிய கொண்டுபோகலியே சார். ஆஸ்பத்திரிக்குள்ளதான இருக்கு. படிக்க மேஜ பத்தலன்னு ரொம்ப நாளா சொல்லிட்டிருந்தாங்க."

அவர் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். மெமோ கொடுப்பதென்றால் எத்தனை பேருக்குக் கொடுப்பது என்று யோசித்திருப்பார். லீலா அதற்குள் ஈரத்துணியால் கதவைத் துடைக்க ஆரம்பித்திருந்தாள்.

"ஈரம், ஈரம்!" என்று ஜாஸ்மின் பதறி, காய்ந்த துணியை எடுத்துக் கொடுத்தாள். கதவு காய்ந்ததும் வயிறு உப்பிய அந்தப் பழைய பாடப்புத்தகத்தை முதலில் அதன் மேல் வைத்தாள். பூட்டின் கைப்பிடி இடுக்கில் ஒரு பேனாவைச் செருகினாள்.

பலராமன் சார் சாவியை மேஜை மேல் போட்டுவிட்டுத் திரும்பினார். ஜாஸ்மின் அதை எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்தாள்.

"உங்க சாவி சார். பத்திரமா வெச்சிக்கங்க" என்றாள்.

சான்றிதழ் இன்னும் வரவில்லை. வந்த பிறகு அவளுக்கு என்ன ஆகும் என்பது பெருமாளுக்கும் அவள் கும்பிடும் ஏசுவுக்கும்தான் தெரியும். மூன்றாவது மாடிக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். கதவைத் தட்ட வேண்டாம்.